ஆர்கானிக் சமையல், மாதம் 1,500 ரூபாய் கூடுதலில்: எதை மாற்றலாம், எதை விடலாம்

தாம்பரம் பக்கம் வீடு, நான்கு பேர், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு மாதம் அரிசியிலிருந்து கீரை வரை எல்லாவற்றையும் ஆர்கானிக் கடையிலேயே வாங்கிப் பார்த்திருக்கிறீர்கள், பில் இரண்டு மடங்கானது. மாதம் 1,500 ரூபாய் வரை கூடுதலாகப் போடலாம், ஆனால் கடை கடையாக அலைய நேரமில்லை என்கிறீர்கள். ஆர்கானிக் நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை. இவ்வளவு பணத்தையும் நேரத்தையும் எந்தப் பொருளில் போட்டால் உண்மையான பலன் கிடைக்கும், யாரை நம்பி வாங்குவது என்பதுதான் உங்கள் கேள்வி. ஆர்கானிக் சான்றளிப்புக்காக வயல்களையும் கிடங்குகளையும் ஆய்வு செய்யும் வேலையில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், கூடை முழுவதையும் மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியவை பத்துப் பன்னிரண்டு பொருள்கள்தான், அவற்றில் பாதி மாதம் சில நூறு கிராம் மட்டுமே செலவாகிறவை.

முதலில் காய்கறி, ஏனென்றால் உங்கள் பில்லை ஏற்றியது அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் நடுவே இத்தனை நாள் விட வேண்டும் என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, டப்பாவிலேயே அச்சடித்திருப்பார்கள். வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். கத்தரியும் தக்காளியும் மூன்று நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு. தண்டையும் காயையும் துளைக்கிற புழு கத்தரியில் உள்ளே போய்விட்டால் காய் விலைபோகாது, அதனால் பறிப்புக்கு நடுநடுவே மருந்து அடிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. டப்பாவில் ஏழு நாள் என்று இருந்தாலும் காய் ஏழு நாள் காத்திருக்காது. தொடர்ந்து பறிக்கும் பயிர்களில் நஞ்செச்சம் அதிகம் தென்படுவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம், விவசாயியின் பேராசை அல்ல.

இந்தக் கணக்கின்படி முதலில் கவலைப்பட வேண்டியவை கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், தக்காளி. காலிஃபிளவரும் முட்டைக்கோஸும் ஒரே அறுப்புதான் என்றாலும், இலை மடிப்புக்குள் புழு இருக்கும் என்பதால் கடைசி வரை அடிப்பார்கள், மருந்தும் அந்த மடிப்புக்குள்ளேயே தங்கும். இவற்றோடு கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி. எடையைப் பார்த்தால் இவை ஒன்றுமில்லை, ஆனால் இலைப்பரப்பு அதிகம், தோல் உரிக்க வழியில்லை, கறிவேப்பிலை வணிகத் தோட்டங்களில் மருந்தும் அதிகம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வுக்கூடம் சந்தை மாதிரிகளைத் தொடர்ந்து சோதித்து வெளியிடும் அறிக்கைகளில் கறிவேப்பிலையும் புதினாவும் பச்சை மிளகாயும் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைப் பார்க்கலாம். பழங்களில் திராட்சைக்கு முதல் இடம். பாயசத்தில் போடும் உலர் திராட்சையும் அதே திராட்சைதான்.

எதிர்ப்பக்கத்தில், ஆர்கானிக் முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லாத காய்கள் நிறைய. சேனை, சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பூசணி, பரங்கி, சுரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, வாழைக்காய், சுண்டைக்காய், பலாக்காய், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. இவை பெரும்பாலும் குறைந்த மருந்தில் வருகின்றன, அல்லது நாம் சாப்பிடும் பகுதி தடித்த தோலுக்கு உள்ளே இருக்கிறது. முருங்கையில் மட்டும் கவனம் தேவை. வீட்டு மரத்துக் கீரையும் காயும் கவலையில்லாதவை, தோப்பாக வைத்துக் காய்க்காக வளர்ப்பதில் மருந்து உண்டு. பாகல், புடலை, பீர்க்கு, அவரை நடுவில் நிற்பவை. வாரத்தில் நான்கு நாள் குழம்புக்கும் பொரியலுக்கும் இந்தக் கவலையில்லாத பட்டியலிலிருந்து எடுத்து, மீதி நாளுக்கு மட்டும் ஆர்கானிக் கத்தரியும் வெண்டையும் வாங்கினால், காய்கறிக் கூடுதல் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எந்தக் கடையில் வாங்குகிறோம் என்பதைவிட எந்தக் காயை வாங்குகிறோம் என்பதற்கு இங்கே பலன் அதிகம், அதற்குப் பைசா செலவும் இல்லை.

கழுவுவதைப் பற்றி எல்லோரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம், அதாவது தட்டிய இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஊறவைத்ததில் மேல்தோலில் இருந்த இரண்டு மருந்துகள் நீங்கின. ஆனால் அவற்றில் ஒன்றின் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கியிருந்தது, அதைச் சோடா தொடவில்லை. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. கால் மணி நேரம் சோடாத் தண்ணீரில் போட்டு, பிறகு குழாயடியில் தேய்த்துக் கழுவுவது பயனுள்ள பழக்கம். இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சாம் போலச் செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்துகளை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. கறிவேப்பிலைக்குப் புளித்தண்ணீர் நல்லது, லிட்டருக்கு எலுமிச்சை அளவுப் புளி கரைத்து, பதினைந்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை அலசினால் போதும். கடையில் ‘வெஜிடபிள் வாஷ்’ என்று விற்கும் பாட்டில்களுக்குச் செலவழிக்க வேண்டாம். உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீர் காலிஃபிளவரிலிருந்து புழுவை வெளியேற்றத்தான், மருந்தை எடுக்க அல்ல.

கறிவேப்பிலைக்கு இதைவிட நல்ல வழி, நாலு மணி நேரம் வெயில் விழும் பால்கனி இருந்தால் ஒரு செடி வைப்பது. இருபது லிட்டர் பிடிக்கிற பையில் செம்மண், மக்கிய எரு, கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. முதல் ஆண்டு இலை பறிப்பதைவிட நுனி கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வரும். புளித்த மோரைத் தண்ணீர் கலந்து மாதம் இருமுறை ஊற்றலாம். செதில் பூச்சி வந்தால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்க வேண்டும், வெயிலில் தெளித்தால் இலை கருகும். புதினாவுக்கு அகலமான தொட்டியும் அரை நிழலும் போதும். அதற்கு மேல் மாடித்தோட்டம், தக்காளி, கத்தரி என்று ஆரம்பிக்க உங்கள் நேரக் கணக்கில் இடமில்லை என்பது என் கருத்து. ஆசையாகச் செய்வது வேறு விஷயம்.

அடுத்து, பலரும் தவறவிடுகிற மசாலாப் பொருள்கள். ஏலக்காய், சீரகம், மிளகாய் வற்றல் இந்த மூன்றும் அதிகம் மருந்து வாங்குகிற பயிர்கள். இடுக்கி ஏலத்தோட்டங்களில் மருந்து அடிப்பது நாடறிந்த விஷயம். ஆனால் ஒரு வீட்டில் மாதம் சீரகம் நூறு கிராம், ஏலக்காய் பத்து கிராம், வற்றல் கால் கிலோ போகும். இவற்றைச் சான்று பெற்றதாக மாற்றினால் கூடுதல் செலவு மாதம் நூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். மொத்தப் பட்டியலில் கொடுக்கும் காசுக்கு அதிகப் பலன் தருவது இந்த வரிதான். பொடியாக வாங்காமல் முழுதாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இந்திய மசாலாப் பொடிகள் சில நிறுத்திவைக்கப்பட்டது எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்க வாயுவின் எச்சத்துக்காக. அது வயலில் அடிப்பதல்ல, அறுவடைக்குப் பிறகு சரக்கில் செலுத்துவது. ஆர்கானிக் முறையில் அதற்கு அனுமதி கிடையாது.

அரிசிக்கு வருவோம். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, காட்டுயானம், பூங்கார் இவையெல்லாம் பாரம்பரிய ரகங்கள், ரகத்தின் பெயர் சாகுபடி முறையைச் சொல்லாது. யூரியா போட்டும் பூங்கார் விளைவிக்கலாம். ஆனாலும் ஒரு சாதகம் உண்டு. உயரமாக வளரும் இந்த ரகங்களுக்குத் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும், அதனால் விவசாயியே அடக்கி வாசிப்பார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வழியில் வந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்களில் விதை வாங்கிப் போனவர்கள் இன்று டெல்டாவில் நிறையப் பேர். அவர்களில் பலர் சான்று வாங்காமலே ஒழுங்காக இயற்கை முறையில் செய்கிறார்கள்.

எந்த அரிசிக்கு ஆர்கானிக் அவசியம் என்பதற்கு ஒரு எளிய அளவுகோல், நீங்கள் தவிட்டோடு சாப்பிடுகிறீர்களா என்பது. மருந்தின் எச்சம் உமியிலும் தவிட்டிலும்தான் அதிகம் தங்கும். நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பொன்னியில் உமி, தவிடு இரண்டும் போய்விடுவதால் மிச்சம் குறைவு, அதில் ஆர்கானிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் காசின் பலனும் குறைவு. தீட்டாத அரிசி சாப்பிடுகிறவருக்கோ தவிட்டின் சத்தோடு எச்சமும் வரும், ஆகவே தீட்டாததை வாங்கினால் ஆர்கானிக்காக வாங்குங்கள், இல்லையென்றால் தீட்டியதே தேவலை. நெல்லின் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் என்ற மருந்தின் எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று வரம்பைக் கடுமையாக்கியதும் பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். எச்சம் என்பது கற்பனைப் பேச்சல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சிறுதானியத்தில் நிலைமை உங்களுக்குச் சாதகம். சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு பெரும்பாலும் மானாவாரி நிலத்தில், ஜவ்வாது மலை, கொல்லிமலை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் மழையை நம்பி விளைபவை. மழை வருமா என்றே தெரியாத நிலத்தில் யாரும் மருந்துக்குப் பணம் கொட்ட மாட்டார்கள். எனவே சாதாரண சிறுதானியத்துக்கும் ஆர்கானிக் முத்திரைக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் சாதாரணத்தையே எடுங்கள். கவனிக்க வேண்டியது உமி நீக்கிய தேதி. தவிட்டில் உள்ள எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் பழைய சரக்கு வேண்டாம். பளபளவென்று வெள்ளையாக இருக்கும் சாமை தீட்டப்பட்டது, அதற்குச் சிறுதானிய விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

பருப்பில் உளுந்துக்கு ஒரு வழி இருக்கிறது. காவிரி டெல்டாவில் சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்திலேயே விதைத்துவிட்டு, மிச்ச ஈரத்தில் வளர்த்துப் பங்குனி, சித்திரையில் எடுக்கும் நெல் தரிசு உளுந்து குறைந்த இடுபொருளில் வருவது. முழு ஆர்கானிக் என்று சொல்ல முடியாது, பூக்கும் நேரத்தில் டிஏபி உரக் கரைசல் தெளிப்பவர்கள் உண்டு. ஆனால் விலைக்கு நல்ல சரக்கு. துவரம்பருப்புக்குச் செம்மண் கட்டியது கிடைத்தால் விடாதீர்கள். பருப்பு வகைக்கு வயலைவிடக் கிடங்கில் நடப்பது முக்கியம். பெரிய கிடங்குகளில் பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூடுவார்கள், ஆர்கானிக் கிடங்கில் அது கூடாது. அதன் மறுபக்கம், ஆர்கானிக் பருப்பில் வண்டு வரும். வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

வண்டு வராமல் இருக்கச் செய்ய வேண்டியது இது. வாங்கியதும் வெயிலில் ஒருநாள் காயவைத்து, ஆறவிட்டு, பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஃப்ரீஸரில் இடமிருந்தால் இரண்டு இரண்டு கிலோவாகப் பையில் கட்டி நான்கு நாள் வைத்து எடுங்கள், முட்டைகளும் செத்துவிடும். எடுத்த பையை அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோக்கும். பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி வைப்பது பழைய முறை, இன்றும் வேலை செய்கிறது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் ஓரளவுக்குத் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கிற வண்டைக் கொல்லாது.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் செலவையும் அலைச்சலையும் ஒருசேரக் குறைக்கும் வழி பருவத்தில் மொத்தமாக வாங்குவதுதான். காய்கறியில் ஆர்கானிக் விலை ஏறுவதற்குப் பெரும்பங்கு காரணம் சிறு அளவில் ஏற்றி இறக்கும் வண்டிச் செலவும் அழுகலும். உலர்ந்த பொருளில் அழுகல் இல்லை. சம்பா நெல் தை, மாசியில் களத்துக்கு வரும், மஞ்சளும் அப்போதுதான். மிளகாய் வற்றலும் மல்லியும் புளியும் மாசி முதல் சித்திரைக்குள். நம் வீடுகளில் வருஷத்துக்குச் சாமான் வாங்கிக் காயவைத்தது இந்த மாதங்களில்தான். உங்கள் அடுக்ககத்தில் ஐந்தாறு குடும்பம் சேர்ந்தால் விவசாயியிடமோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ இருபத்தைந்து கிலோ சிப்பமாகப் பத்துப் பன்னிரண்டு ஒரே வண்டியில் இறக்கிக்கொள்ளலாம். ஆம்னி பஸ்ஸிலோ பார்சல் லாரியிலோ ஏற்றும் கூலி அப்போது கிலோவுக்குச் சில ரூபாய்தான். தீட்டாத அரிசியை மட்டும் ஒரு வருஷத்துக்கு வாங்கிவிடாதீர்கள். நெல்லாக வைத்திருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரைத்து அனுப்புகிறவரிடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நூறு கிலோ நெல்லைத் தீட்டினால் அறுபது முதல் அறுபத்தைந்து கிலோ அரிசி காணும், தீட்டாவிட்டால் அதைவிடக் கூடும், விலை பேசும்போது இந்தக் கணக்கு உதவும்.

இப்போது நம்பிக்கை விஷயம். இந்தியாவில் செல்லுபடியாகும் முறைகள் இரண்டு. ஒன்று 2001-இல் தொடங்கிய என்.பி.ஓ.பி. என்ற தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம், இதில் விவசாயிக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிறுவனம் வந்து ஆய்வு செய்து சான்று கொடுக்கும். தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் துறையே அந்த வேலையைச் செய்கிறது. இன்னொன்று பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாத முறை, அருகருகே உள்ள விவசாயிகள் ஐந்து பேராவது குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. செலவு குறைவு, சிறு விவசாயிக்கு ஏற்றது, உள்ளூர்ச் சந்தைக்குப் போதும். பி.ஜி.எஸ். கிரீன் என்று இருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, பி.ஜி.எஸ். ஆர்கானிக் என்றால் மாறி முடிந்தது என்று பொருள். 2017-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆர்கானிக் என்று எழுதிப் பொட்டலம் போட்டு விற்க இவ்விரண்டில் ஒன்று வேண்டும், அரசின் ஆர்கானிக் முத்திரையும் இருக்க வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விவசாயி உங்களுக்கு நேரடியாக விற்பதற்குச் சான்று கட்டாயமில்லை, ஆனால் அவர் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. ‘நேச்சுரல்’, ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்று உறையில் இருப்பவற்றுக்கு எந்தச் சான்றும் இல்லை.

சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அது வேலை செய்யும் முறைக்கான சான்று. ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு மாற்றக் காலம் முடிந்ததா, இடுபொருள் பதிவேடு இருக்கிறதா, பக்கத்து வயலுக்கு நடுவே தடுப்பு வரப்பு விட்டிருக்கிறாரா என்றெல்லாம் பார்க்கிறோம். ஒவ்வொரு மூட்டையையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. டெல்டாவில் ஒரே வாய்க்கால் தண்ணீர் வயல் விட்டு வயல் பாயும், பக்கத்து வயலின் களைக்கொல்லி எவ்வளவு கலந்தது என்று காகிதம் சொல்லாது. தனியார் ஆய்வுக்கூடத்தில் நீங்களே சோதிக்கலாம், ஆனால் பல மருந்துகளைச் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஒரு மாதிரிக்கே சில ஆயிரம் ஆகும். தனிக் குடும்பத்துக்கு அது கட்டுபடியாகாது, ஐம்பது குடும்பம் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை எதேச்சையாக ஒரு பொருளை அனுப்பினால் விற்பவருக்கும் ஒரு பயம் இருக்கும்.

சான்றில்லாத விவசாயியிடம் பூச்சிமருந்து அடிக்கிறீர்களா என்று கேட்காதீர்கள், இல்லை என்பார், பேச்சு முடிந்துவிடும். களைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவி, ஆள் கூலி, இலைதழையால் நிலத்தை மூடும் மூடாக்கு, சணப்பு விதைத்து மடக்கி உழுவது என்று விவரமாகப் பேசினால் செய்கிறவர். களை அவ்வளவாக வருவதில்லை என்றால் சந்தேகப்படுங்கள். போன போகம் என்ன போட்டீர்கள், ஏக்கருக்கு என்ன கண்டது என்று கேளுங்கள். பாரம்பரிய ரகத்தில் ஒன்று முதல் ஒன்றரை டன் நெல் இயல்பான விளைச்சல், இரண்டரை டன் என்றால் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: இந்த வாரம் எது வரவில்லை? உண்மையான ஆர்கானிக் காய்கறிக் கடையில் எப்போதும் ஏதாவது இருக்காது. ஐப்பசி மழையிலும் தக்காளி, காலிஃபிளவர், பீன்ஸ், கேரட் எல்லாம் ஒரே அளவில் அடுக்கியிருந்தால் அது கோயம்பேட்டுச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். காயில் ஓட்டை இருப்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து அடித்த காயிலும் புழு இருக்கும், அந்த மருந்துக்குப் பழகிப்போன புழு.

சென்னையில் தன்னார்வலர்கள் நடத்தும் ஆர்கானிக் ஃபார்மர்ஸ் மார்க்கெட் கூட்டமைப்பின் கடைகள் பல பகுதிகளில் உள்ளன, வீட்டுக்கு அருகே இருந்தால் அங்கிருந்து ஆரம்பிப்பது சுலபம். சூப்பர் மார்க்கெட்டில் முத்திரையுள்ள பாக்கெட்டைச் சீரகம், ஏலக்காய், பருப்புக்கு வாங்கலாம். காய்கறிக்கு அங்கே கொடுக்கும் விலையில் பெரும்பகுதி உறைக்கும் குளிர்பெட்டிக்கும் போகிறது. உழவர் சந்தை 1999 முதல் நடக்கிறது, அட்டை வைத்திருக்கும் விவசாயியே விற்பதால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார், விலையும் குறைவு. அது ஆர்கானிக் சந்தை அல்ல, ஆனால் நான் மேலே சொன்ன கிழங்கு, பூசணி, வாழைப்பூ வகைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

எண்ணெயில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி ஏமாற்று பிடிபட்டுவிடும். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும், தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றே முக்கால் கிலோ கொப்பரை. அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, புண்ணாக்கு வருமானத்தைக் கழித்து, ஆட்டுக்கூலியைச் சேருங்கள். அதற்குக் கீழே விற்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. செக்கில் ஆட்டியது என்பதும் ஆர்கானிக் என்பதும் ஒன்றல்ல. கடலை எண்ணெய்க்கு நான் பார்ப்பது மருந்தைவிடப் பூஞ்சையை. ஈரம் பட்ட கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், சுத்திகரிக்காத எண்ணெயில் அது தங்கிவிடும். சொத்தையும் கறுத்ததும் பொறுக்கி எடுத்து ஆட்டுகிற செக்கைத் தேடுங்கள், ஆர்கானிக் முத்திரை இதைத் தீர்க்காது. வெல்லத்தில் வெளிர் மஞ்சள் நிறம் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டதன் அடையாளம், கருஞ்சிவப்பை எடுங்கள். பளிச்சென்று இருக்கும் நாட்டுச் சர்க்கரையில் வெள்ளைச் சர்க்கரை கலப்பது அடிக்கடி பிடிபடும் விஷயம்.

பால், முட்டைக்கு இந்தப் பணத்தில் எதுவும் ஒதுக்க வேண்டாம் என்பேன். மாடு தின்னும் தீவனம் முழுவதும் ஆர்கானிக்காக இருந்தால்தான் பாலும் ஆர்கானிக். நகரத்தில் கண்ணாடிப் பாட்டிலில் வரும் பாலில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சான்று இல்லை, நாட்டு மாடு என்பது வேறு விஷயம். 2018-இல் நடந்த நாடு தழுவிய பால் ஆய்விலும் தமிழ்நாட்டு மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 அதிகம் தென்பட்டது, அது தீவனப் பூஞ்சையிலிருந்து வருவது. 

கணக்கைப் பார்க்கலாம். கிலோவுக்கு இவ்வளவு கூடும் என்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு உத்தேசம், உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தீட்டாத அரிசி பதினைந்து கிலோவுக்குக் கிலோ முப்பது ரூபாய் கூடினால் 450. பருப்பு மூன்று கிலோவுக்கு ஐம்பது வீதம் 150. மசாலா 100. கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் சேர்த்து ஆறு கிலோவுக்கு முப்பது வீதம் 180. கீரை, கொத்தமல்லி, புதினா வகைக்கு 200. மொத்தம் 1,080. மீதியை எண்ணெயில் போடுங்கள். திராட்சை வாங்குவதை நிறுத்திக் கொய்யா, சப்போட்டா, வாழைப்பழத்துக்கு மாறினால் இதில் கொஞ்சம் திரும்பவும் வந்துவிடும்.

உடம்புக்கு என்ன பலன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எதிர்பார்ப்பு தெளிவாக இருக்க வேண்டும். ஆர்கானிக் உணவில் மருந்து எச்சம் குறைவு என்பதில் ஐயமில்லை, பல நாட்டு ஆய்வுகளும் அதைச் சொல்கின்றன. சத்து அதிகமா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துப் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள், 2014-இல் வந்த இன்னொரு தொகுப்பு ஆன்டிஆக்சிடன்ட் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றது. புற்றுநோய் விஷயத்தில் பிரிட்டனில் சுமார் ஆறு லட்சம் பெண்களைத் தொடர்ந்த ஆய்வில் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பிரான்ஸில் ஏறத்தாழ 69,000 பேரைத் தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில் குறைவாகத் தெரிந்தது, ஆனால் ஆர்கானிக் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே கவனமாக வாழ்கிறவர்கள், அந்தப் பாதிப்பை முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம். சர்க்கரை நோய் போய்விடும், மூட்டுவலி தீரும் என்று சொல்லி விற்கிறவரிடம் அரிசி வாங்காதீர்கள். ஆர்கானிக் காய்க்குக் காசு போதாமல் காயே குறைத்துச் சாப்பிடுவதும் கூடாது. நன்றாகக் கழுவிய சாதாரணக் காய்கறி நிறையச் சாப்பிடுவது அதைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாகச் சமையல் நேரம். தீட்டாத அரிசி வேக நேரமாகிறது, பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள் என்றுதான் பல வீடுகளில் இரண்டாவது மாதமே நின்றுபோகிறது. இரவே ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரம் ஊறிய அரிசிக்கு ஒன்றுக்கு மூன்று தண்ணீர், குக்கரில் ஐந்தாறு விசில், பிறகு ஆவி தானாக இறங்கும் வரை திறக்காமல் விடுங்கள். அறுத்து ஆறு மாதம் ஆன நெல்லில் அரைத்த அரிசியாகக் கேட்டு வாங்குங்கள், புது அரிசி குழையும். பிள்ளைகளுக்குத் தூயமல்லியில் ஆரம்பிக்கலாம், வெள்ளையாக இருக்கும், பொன்னியோடு பாதிப்பாதி கலந்தாலும் தெரியாது. மாப்பிள்ளைச் சம்பாவைச் சோறாகத் திணிக்காமல் மாவில் போட்டுவிடுங்கள். இட்லி அரிசி இரண்டு பங்கு, மாப்பிள்ளைச் சம்பா இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. சம்பாவை மட்டும் எட்டு மணி நேரம் தனியாக ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் மாவு நறநறக்கும். இட்லி கொஞ்சம் அழுத்தமாக வரும், தோசை முறுகலாக வரும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டி வைத்தால் வியாழன் வரை காலை டிபன் முடிந்தது.